டேவிட் பிரான்ஸ்டைன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக சாம்பியன்களின் பட்டியலில் டேவிட் பிரான்ஸ்டைன் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஆனால் கறுப்புக் காய்களோடு உட்கார்ந்து, கிங்ஸ் இந்தியன் தற்காப்பு என்ற தொடக்கத்தை ஆடும் எந்தப் பிள்ளையும் அவரும் அவருடைய நண்பர்களும் போட்ட பாதையில்தான் நடக்கிறது. வாரக் கடைசியில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பச் சில கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

யார் இந்த பிரான்ஸ்டைன்?

சோவியத் கிராண்ட்மாஸ்டர். 1924 பிப்ரவரி 19 அன்று உக்ரைனில், கீவ் நகருக்குத் தெற்கே உள்ள பிலா செர்க்வா என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 2006 டிசம்பர் 5 அன்று பெலாரஸின் மின்ஸ்க் நகரில் காலமானார். 1940-களின் நடுவிலிருந்து 1950-களின் கடைசி வரை உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராக இருந்தார். 1951-இல் உலக சாம்பியன் பட்டத்துக்காக மிகயில் போட்வின்னிக்கோடு மோதி, 24 ஆட்டங்கள் முடிந்தபோது 12–12 என்று சமனில் நின்றார். சமன் என்றால் பட்டம் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கே என்பது அன்றைய விதி.

இந்த ஒரு தகவலோடு அவரை முடித்துவிடுகிறார்கள். அது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. அரைப் புள்ளியில் பட்டம் தவறவிட்டவர் என்ற அடையாளம் உண்மைதான். ஆனால் அவர் விட்டுச்சென்றதில் அது மிகச் சிறிய பகுதி.

செஸ் எப்படி ஆரம்பித்தார்?

ஆறு வயதில் தாத்தா கற்றுக்கொடுத்தார். அப்புறம் கீவ் நகரில், பயனியர் மாளிகை எனப்படும் சிறுவர் மையத்தில் அலெக்சாண்டர் கான்ஸ்டான்டினோபோல்ஸ்கியிடம் முறையாகப் பயின்றார். அந்த ஆசிரியர் பிள்ளைகளை மனப்பாடத்துக்குள் அடைக்காமல், தாங்களே கண்டுபிடிக்க விட்டவர். அதன் விளைவு பிரான்ஸ்டைனின் ஒவ்வொரு ஆட்டத்திலும் தெரியும்.

வீட்டில் நிலைமை வேறு. 1937-இல், ஸ்டாலின் காலத்துக் கைதுகள் உச்சத்தில் இருந்தபோது, அவருடைய தந்தையையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வர ஏழு வருடம் ஆனது. அப்பா சிறையில் இருக்கும் பையன் என்ற பெயரோடுதான் பதினாறாவது வயதில், 1940-இல், உக்ரைன் சாம்பியன்ஷிப்பில் இரண்டாமிடம் பிடித்து மாஸ்டர் ஆனார். அடுத்த ஆண்டே போர் வந்துவிட்டது. ராணுவத்துக்குத் தகுதியில்லை என்று விடப்பட்டவர், இடிந்த கட்டடங்களைச் சீரமைக்கும் வேலைகளில் அந்த வருடங்களைக் கழித்தார். 1944-இல் முதன்முறையாக சோவியத் சாம்பியன்ஷிப்பில் ஆடியபோது பட்டியலில் கீழேதான் முடித்தார். ஆனால் அதே போட்டியில் போட்வின்னிக்கை வீழ்த்தினார். அடுத்த வருடமே மூன்றாமிடம். 1948-இலும் 1949-இலும் சோவியத் சாம்பியன் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்.

"படைப்பாளி" என்று அவரை ஏன் சொல்கிறார்கள்? எல்லா கிராண்ட்மாஸ்டர்களும் புதிதாக யோசிப்பவர்கள்தானே?

கிங்ஸ் இந்தியனை வைத்துச் சொன்னால் இது எளிதாகப் புரியும்.

1940-களின் தொடக்கம் வரை, பலகையின் நடுக்கட்டங்களை விட்டுக்கொடுப்பது தவறு என்பதே பொதுவான எண்ணம். கிங்ஸ் இந்தியனில் கறுப்பு அதைத்தான் செய்கிறது. வெள்ளை மூன்று சிப்பாய்களை நடுவில் கொண்டுவந்து சுவர்போல நிறுத்த, கறுப்பு பிஷப்பை ஜி7 கட்டத்தில் வைத்துவிட்டு, ராஜாவைக் கோட்டைக்குள் கொண்டுபோய்விட்டுக் காத்திருக்கிறது. பார்ப்பவருக்கு இது நெருக்கடியில் மாட்டிக்கொண்ட நிலை போலத்தான் தோன்றும். இதில் உயிர் இருக்கிறது என்று நம்பியவர்கள் உக்ரைனைச் சேர்ந்த மூன்று பேர்: ஐசக் போலஸ்லாவ்ஸ்கி, எஃபிம் கெல்லர், பிரான்ஸ்டைன். சுவரை எழுப்ப விடு, அதைத் தாங்கிப் பிடிக்கும் வேலையிலேயே எதிராளி களைத்துப்போவான், அப்போது ஒரு சிப்பாயால் அடி என்பது அவர்கள் எண்ணம்.

1946-இல் மாஸ்கோவுக்கும் பிராகாவுக்கும் இடையே நடந்த நகரப் போட்டியில் பிரான்ஸ்டைன் இதை உலகத்துக்குக் காட்டினார். லுடெக் பாக்மன், ஃபிரான்டிசெக் ஸிட்டா என்ற இரண்டு செக் ஆட்டக்காரர்களையும் கறுப்புக் காய்களோடு தோற்கடித்தார். இரண்டிலும் அவருடைய யானை ஏ வரிசை வழியாக இறங்கி ஏ1-இல் வெட்டுகிறது. அதோடு வெள்ளையின் கறுப்புக் கட்டங்கள் முழுவதும் காவல் இல்லாமல் போய்விடுகின்றன. அதுவரை மூலையில் சும்மா உட்கார்ந்திருந்ததுபோல் தெரிந்த ஜி7 பிஷப் திடீரென்று பலகையிலேயே பலமான காய் ஆகிவிடுகிறது. முதல் இருபது நகர்த்தல்களில் கறுப்பு செய்த சின்னச் சின்ன வேலைகள் எல்லாம் இதற்காகத்தான் என்பது அப்போதுதான் புரியும். அந்த ஆட்டங்களுக்குப் பிறகு கிங்ஸ் இந்தியனை யாரும் இளக்காரமாகப் பேசவில்லை. பின்னால் உலக சாம்பியன்களான ஃபிஷரும் காஸ்பரோவும் அதைத் தங்கள் ஆயுதமாக எடுத்துக்கொண்டார்கள்.

நல்ல நகர்த்தலைக் கண்டுபிடிக்கப் பல பேரால் முடியும். மற்றவர்கள் தோல்வி என்று எழுதிவைத்த ஒரு நிலையில் புதிய அர்த்தத்தைப் பார்ப்பவரைத்தான் நான் படைப்பாளி என்பேன். பழசு என்று ஒதுக்கப்பட்ட கிங்ஸ் கேம்பிட் என்ற தொடக்கத்தையும் அவர் பெரிய போட்டிகளில் எடுத்து ஆடினார். ஃபேஷனைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

1951 ஆட்டத்தொடரில் உண்மையில் என்ன நடந்தது?

முதலில் அங்கே எப்படி வந்தார் என்று பார்ப்போம். 1948-இல் ஸ்வீடனின் சால்ட்ஷேபாடனில் நடந்த முதல் இன்டர்ஸோனல் போட்டியை வென்றார். அதில் முன்னணியில் வருபவர்கள் கேண்டிடேட்ஸ் போட்டிக்குப் போவார்கள், அதை வெல்பவர் உலக சாம்பியனோடு மோதுவார். 1950-இல் புடாபெஸ்ட் கேண்டிடேட்ஸ் போட்டியில் நண்பர் போலஸ்லாவ்ஸ்கி முன்னணியில் இருக்க, கடைசிச் சுற்றில் பால் கெரெஸை வீழ்த்தி, புள்ளியில் நண்பரை எட்டிப் பிடித்தார். பிறகு இருவருக்கும் மாஸ்கோவில் தனி ஆட்டத்தொடர். 7½–6½ என்று பிரான்ஸ்டைன் வென்றார்.

1951 மார்ச்சில் மாஸ்கோவில் போட்வின்னிக்கோடு தொடர் தொடங்கியது. பிரான்ஸ்டைனுக்கு வயது 27, போட்வின்னிக்குக்கு 39. போட்வின்னிக் மின்பொறியியல் ஆராய்ச்சியில் மூழ்கி, 1948-க்குப் பிறகு பொதுப் போட்டிகளில் ஆடாமல் இருந்தார். பிரான்ஸ்டைன் முதல் ஆட்டத்திலேயே போட்வின்னிக்கின் செல்லத் தொடக்கமான டச்சுத் தற்காப்பை அவருக்கு எதிராகவே ஆடினார். உன் வீட்டுக்குள் வந்தே உன்னோடு மோதுகிறேன் என்பதுபோல!

ஆறாவது ஆட்டம் இன்னும் மனதை வலிக்கச் செய்யும். ஆட்டம் முடிவை நெருங்குகிறது, பலகையில் சில காய்கள்தான் மிச்சம். வெள்ளை ஆடும் பிரான்ஸ்டைன் குதிரையால் ஒரு செக் கொடுத்தால் டிரா, அவ்வளவுதான். அவர் 45 நிமிடம் யோசித்தார். பிறகு குதிரையைத் தொடாமல் ராஜாவை நகர்த்தினார். போட்வின்னிக்கின் ராஜா, குதிரையால் செக் வைக்க முடியாத ஒரு கட்டத்துக்கு ஒதுங்கிக்கொண்டது. சிப்பாய் ராணியாவதை இனி தடுக்க முடியாது. பிரான்ஸ்டைன் உடனே தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த அரைப் புள்ளி அவர் கையில் இருந்திருந்தால் பட்டம் அவருடையது. பிள்ளைகளுக்கு இந்த நிலையைக் காட்டும்போது குதிரை செக்கைப் பத்து வினாடியில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதிகம் யோசிப்பவருக்கு எதிரே இருப்பது கண்ணில் படாமல் போகும் என்பதை அப்போது அவர்களுக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

இருந்தும் அவர் விடவில்லை. 21, 22 ஆகிய இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்து வென்று 11½–10½ என்று முன்னால் போனார். மீதி இரண்டு ஆட்டம். இரண்டையும் டிரா செய்தாலே அவர்தான் உலக சாம்பியன்.

23-ஆவது ஆட்டத்தில் போட்வின்னிக்கிடம் இரண்டு பிஷப், பிரான்ஸ்டைனிடம் இரண்டு குதிரை. அந்தக் காலத்தில் ஆட்டம் ஒரே நாளில் முடியாவிட்டால், அடுத்த நகர்த்தலை ஒரு தாளில் எழுதி உறைக்குள் வைத்து ஒட்டி, மறுநாள் தொடர்வார்கள். இடையில் ஒரு முழு இரவு இருக்கும். போட்வின்னிக் உறையில் எழுதிய நகர்த்தல் மிகச் சிறந்ததுகூட இல்லை என்பதே பின்னர் வந்த ஆய்வு. ஆனாலும் இரவு முழுக்க உட்கார்ந்து அலசிவிட்டு வந்து, இரண்டு பிஷப்களாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பிரான்ஸ்டைன் நீண்ட நேரம் யோசித்துவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார். கடைசி ஆட்டத்தில் வெள்ளைக் காய்கள் அவரிடம்தான், ஆனால் 22 நகர்த்தல்களில் டிரா. ஆளுக்கு ஐந்து வெற்றி, 14 டிரா, 12–12.

அவரை வேண்டுமென்றே தோற்கச் சொன்னார்கள் என்கிறார்களே?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. அரசின் ஆதரவு முழுக்க போட்வின்னிக் பக்கம் இருந்தது. பிரான்ஸ்டைனின் தந்தை சிறைக்குப் போய் வந்தவர். அந்த நாட்டில் அது என்ன பாரம் என்று விளக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் பிரான்ஸ்டைனே இதைப் பற்றி எழுதினார். பல பக்கங்களிலிருந்தும் கடுமையான மன அழுத்தம் தரப்பட்டது என்றும், அதற்குப் பணிவதா இல்லையா என்பது முழுக்கத் தன் கையில் இருந்தது என்றும் சொன்னார். அதற்கு மேல் அவர் போகவில்லை.

அவர் நிறுத்திய இடத்தில் நாமும் நிறுத்திக்கொள்வதுதான் சரி. ஆறாவது ஆட்டத்தின் தவறு மனிதர் செய்யும் தவறு. 23-ஆவது ஆட்டத்தில் போட்வின்னிக் அருமையாக ஆடினார். அழுத்தம் இருந்தது என்று ஏற்றுக்கொள்வதும் ஆட்டங்களை நாடகம் என்று சொல்வதும் ஒன்றல்ல. நாடகம் என்று சொன்னால் இரண்டு பேருக்குமே அநியாயம் செய்கிறோம்.

அதற்குப் பிறகு ஏன் மறுபடி சவால்விட முடியவில்லை?

நெருங்கி நெருங்கி வந்தார். 1953-இல் சூரிக் கேண்டிடேட்ஸ் போட்டியில் வசிலி ஸ்மிஸ்லோவ் வெல்ல, கெரெஸ், ரெஷெவ்ஸ்கி ஆகியோரோடு இரண்டாமிடத்தைப் பகிர்ந்தார். 1955-இல் கோத்தன்பர்க் இன்டர்ஸோனலில் 20 ஆட்டங்களில் 15 புள்ளி, ஒரு தோல்வியும் இல்லை. அவர் ஆடியதிலேயே சீரான போட்டி அதுதான் என்று நினைக்கிறேன். 1956-இல் ஆம்ஸ்டர்டாம் கேண்டிடேட்ஸ் போட்டியில் வேறு நான்கு பேரோடு மூன்றாமிடப் பகிர்வு.

1958-இல் போர்ட்டோரோஜ் இன்டர்ஸோனல். கடைசிச் சுற்றில் எதிராளி பிலிப்பைன்ஸின் ரொடால்ஃபோ கார்டோசோ, பட்டியலில் மிகவும் கீழே இருந்தவர். அந்த ஆட்டத்தில் பிரான்ஸ்டைன் தோற்றார். அரைப் புள்ளியில் தகுதி போனது. அதே போட்டியில்தான் பதினைந்து வயது பாபி ஃபிஷர் தகுதி பெற்றார். 1964-இல் ஆம்ஸ்டர்டாம் இன்டர்ஸோனலில் ஆறாவது இடம். முதல் ஆறு பேருக்கு வாய்ப்பு, ஆனால் ஒரே நாட்டிலிருந்து இத்தனை பேர்தான் என்று விதி இருந்ததால் அவரும் லியோனிட் ஸ்டெய்னும் வெளியே நின்றார்கள். அரைப் புள்ளி அவரைத் துரத்திக்கொண்டே இருந்தது, அரைப் புள்ளி இல்லாத இடத்தில் விதி வந்து நின்றது.

சூரிக் போட்டியைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அந்தப் போட்டியில் 15 பேர், ஒவ்வொருவரோடும் இரண்டு முறை என்று மொத்தம் 210 ஆட்டங்கள். அத்தனைக்கும் விளக்கம் எழுதினார். மற்ற விளக்கவுரைகளில் நகர்த்தல் பட்டியல்தான் பக்கத்தை நிரப்பும். இதில் அவர் வார்த்தையால் பேசுகிறார். ஆட்டக்காரர் இங்கே எதற்கு ஆசைப்பட்டார், எதற்குப் பயந்தார், கறுப்புக் கட்டங்கள் பலவீனம் என்றால் என்ன என்றெல்லாம் எதிரே உட்கார்ந்து சொல்வதுபோல் சொல்கிறார். தான் தோற்ற ஆட்டங்களையும் அதே அக்கறையோடு விளக்குகிறார். ஓரளவு ஆடத் தெரிந்தவர்கள் ஒரே ஒரு செஸ் புத்தகம்தான் வாங்க முடியும் என்று வந்து கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அவர் ஆட்டம் வருகிறதாமே?

ஆமாம். 1963-இல் வந்த பாண்ட் படத்தில் ஒரு செஸ் காட்சி உண்டு. அதில் பலகையில் இருக்கும் நிலை, 1960-இல் லெனின்கிராடில் போரிஸ் ஸ்பாஸ்கி பிரான்ஸ்டைனுக்கு எதிராக ஆடிய கிங்ஸ் கேம்பிட்டிலிருந்து, ஓரிரு சிப்பாய்களை விட்டுவிட்டு எடுக்கப்பட்டது. வென்றவர் ஸ்பாஸ்கி.

நம் டிஜிட்டல் செஸ் கடிகாரத்தில் "பிரான்ஸ்டைன்" என்று ஒரு முறை இருக்கிறதே, அது இவரா?

இவரேதான். போட்டிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் இதைத்தான் அதிகம் கேட்பார்கள், அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

ஒரு நகர்த்தலுக்கு 5 வினாடி சலுகை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 3 வினாடியில் நகர்த்தினால், செலவான அந்த 3 வினாடியும் திரும்ப வந்துவிடும். 12 வினாடி எடுத்துக்கொண்டால் 5 வினாடிதான் திரும்ப வரும், 7 வினாடி போனது போனதுதான். அதாவது செலவழித்ததைவிட அதிகமாக ஒருபோதும் கிடைக்காது. ஃபிஷர் முறை வேறு. அதில் நீங்கள் ஒரே வினாடியில் நகர்த்தினாலும் முழு 5 வினாடியும் சேரும், ஆகவே வேகமாக ஆடினால் நேரம் வளர்ந்துகொண்டே போகும். பிரான்ஸ்டைன் முறையில் நேரம் வளராது, ஆனால் வெல்லும் நிலையில் இருப்பவர் கை வேகம் போதாமல் மட்டும் தோற்கும் கொடுமை குறைகிறது.

நேரத்தைப் பற்றி இவ்வளவு யோசித்தவர், நேரத்தைத் தாராளமாகச் செலவழித்தவரும்கூட. ஒருமுறை போலஸ்லாவ்ஸ்கிக்கு எதிராக முதல் நகர்த்தலுக்கே 50 நிமிடம் யோசித்தார் என்ற கதை செஸ் உலகில் பிரபலம். பிற்காலத்தில், பார்வையாளர்கள் ரசிக்கும்படி ஆட்டங்கள் விரைவாக நடக்க வேண்டும் என்று விடாமல் வாதாடினார். இன்று ரேபிட் எனப்படும் விரைவு ஆட்டப் போட்டிகளை உலகமே பார்க்கிறது.

வயதான பிறகும் நன்றாக ஆடினாரா?

1973, பிரேசிலின் பெட்ரோபோலிஸ் இன்டர்ஸோனல். அவருக்கு 49 வயது. எதிரே யூகோஸ்லாவியாவின் இளம் நட்சத்திரம் லுபோமிர் லுபோயெவிச். தொடக்கம் அலெகைன் தற்காப்பு. பிரான்ஸ்டைன் ஜி1-இல் நின்ற தன் யானையைக் காப்பாற்றாமல், ராணியை எஃப்4-க்குக் கொண்டுவந்தார். கறுப்பு பிஷப் யானையை வெட்டியது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் டி சிப்பாயை ஆறாம் வரிசைக்குத் தள்ளினார். அங்கிருந்து கறுப்பு ராஜாவுக்கு நிம்மதியே இல்லை. அழகிய ஆட்டத்துக்கான பரிசு அதற்குக் கிடைத்தது.

கணினிகளுக்கும் அவர் பயப்படவில்லை. 1963-லேயே மாஸ்கோவில் எம்-20 என்ற கணினியோடு ஆடிப் பார்த்தவர். 1990-களில், எழுபதை நெருங்கிய வயதில், ஹேக் நகரில் மனிதர்களும் கணினிகளும் மோதும் ஏகான் போட்டிகளுக்கு ஆசையோடு போய் ஆடினார்.

1976-இல் அவருக்கு என்ன பிரச்சினை?

விக்டர் கோர்ச்னோய் ஆம்ஸ்டர்டாமில் போட்டி முடிந்ததும் சோவியத் நாட்டுக்குத் திரும்பாமல் அங்கேயே தஞ்சம் கேட்டார். அவரைக் கண்டித்து கிராண்ட்மாஸ்டர்கள் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று தயாரானது. பிரான்ஸ்டைன் கையெழுத்துப் போடவில்லை. அதற்கு விலை கொடுத்தார். உதவித்தொகை நின்றது. மேற்கு நாடுகளின் போட்டிகளுக்கு அனுப்புவது பல வருடங்களுக்கு ஏறக்குறைய நின்றேபோனது. 1980-களின் கடைசியில் காற்று மாறிய பிறகுதான் மறுபடி விருப்பப்படி பயணம் செய்தார். அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஊர் ஊராகப் போய், கிளப் ஆட்டக்காரர்களோடு எல்லாம் உட்கார்ந்து ஆடினார்.

குடும்பம்?

1984-இல் தாத்தியானா போலஸ்லாவ்ஸ்காயாவை மணந்தார். பெயரைப் பார்த்தாலே தெரியும், நண்பரும் ஒரு காலத்துப் போட்டியாளருமான போலஸ்லாவ்ஸ்கியின் மகள்தான். கடைசிக் காலம் மின்ஸ்க் நகரில் கழிந்தது.

அவர் ஆட்டங்களைப் பார்க்க ஆசை. எதில் தொடங்கலாம்?

1946 பிராகாவின் ஸிட்டா ஆட்டத்தில் தொடங்குங்கள். பலகையைக் கறுப்புப் பக்கத்திலிருந்து வைத்துக்கொள்ளுங்கள். யானை ஏ1-இல் வெட்டும் இடத்தில் நிறுத்தி, அடுத்து என்ன என்று பத்து நிமிடமாவது நீங்களே தேடுங்கள். அப்புறம் பாக்மன் ஆட்டம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் அது தற்செயல் இல்லை என்று தெரியும். லுபோயெவிச் ஆட்டத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கணினியை மட்டும் முதலிலேயே ஓட விடாதீர்கள். அந்த யானையை ஏன் விட்டுக்கொடுத்தார் என்று உங்களுக்கே ஒரு காரணம் தோன்றட்டும், பிறகு கணினியிடம் கேளுங்கள்.